தீட்டுவதா? எறிவதா?

மழுங்கிய சவர பிளேடைத் தீட்டி மறுபடியும் உபயோகிப்பவனைக் கண்டால் உலகம் நகைக்கிறது. சில காசுகளுக்குக் கிடைக்கும் தகட்டுக்காக ஐந்து நிமிஷம் மெனக்கெடுபவன் உலோபியேயன்றிச் சிக்கனக்காரன் ஆகான் என்பது நகைப்போர் கட்சி. பணக் கணக்கு மட்டும் பேசுவதாயின் அவர்கள் கட்சியே வெல்லும். ஆனால் இது கணக்கோடு முடிகிற விஷயந்தானா?

பழைய சவரக்கத்தி தந்தைக்குப்பின் மகனுக்கும் உழைத்தது. அது மழுங்கினால் தோல்வாரில் தீட்டினார்கள், எறியவில்லை. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895-இல் தோன்றிய யோசனையோ தீட்டவே வேண்டாத மெல்லிய தகடு. 1903-இல் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளுமே. பிறகு உலகமே அவரிடம் வாங்கிற்று. வேடிக்கை என்னவெனில், இதே மனிதர் 1894-இல் ஒரு நூல் எழுதி, வியாபாரப் போட்டியினால் மனித உழைப்பு வீணாகிறதென்று கண்டித்திருந்தார்! அவரை வஞ்சகர் என்று நாம் கூறவில்லை. கத்தி பிடிக்கத் தெரியாதவனும் அச்சமின்றிச் சவரம் செய்துகொள்ள வழிசெய்தது உபகாரமே. எனினும், ஒரு பொருள் எப்பொழுது தீர்ந்தது என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவன் கையைவிட்டு விற்றவன் கைக்குப் போனதும் அன்றுதான்.

மக்கள் அதை உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தை நனைத்து, பிளேடை விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துத் தீட்டிக்கொண்டார்கள். தோல்வாரைக் கோத்துத் தீட்டிக்கொள்ளும் ஆட்டோஸ்ட்ராப் என்ற கருவியும் விற்பனையாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-இல், அமெரிக்க அரசாங்கமே பிளேடு உற்பத்திக்கு வரம்பு கட்டியது. அப்பொழுது தம்ளரை எடுத்தவனை உலோபியென்று யார் சொன்னார்? யுத்தத்தில் கடமையாயிருந்த செய்கை சமாதானத்தில் எவ்வாறு இழிவாயிற்று?

இன்றைய பிளேடைத் தீட்டுவது அத்தனை எளிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஃகைவிட 50 மடங்கு மென்மையான மயிரே அதன் விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறதென்று 2020-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். வளைந்த விளிம்பைத் தீட்டி நிமிர்த்தலாம். பெயர்ந்த சில்லை ஒட்டவைக்க இயலாது. விளிம்பின்மேல் பூசப்பட்ட மெல்லிய பூச்சும் தேய்ப்பதில் போய்விடக்கூடும். முகத்தைக் கிழித்துக்கொண்டு காசை மிச்சப்படுத்துவதை நாமும் ஆதரியோம்.

ஆனால் எறிபவரை ஒன்று கேட்கிறோம்: எங்கே எறிகிறீர்? குப்பைக் கூடையிலிட்ட பிளேடு அங்கேயே மறைந்துவிடுவதில்லை. அதை அள்ளும் தொழிலாளியின் கையில் போய்த் தட்டுப்படுகிறது. மூடியில் கீறலிட்ட ஒரு வெறும் தகர டப்பா போதும், அவன் கை பிழைக்கும். அதற்குக்கூட மனமில்லாதவர் தீட்டுகிறவனைப் பார்த்து நகைப்பதுதான் நமக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் முற்காலத்து வீடுகள் பலவற்றில் குளியலறை அலமாரியின் பின்புறம் ஒரு சிறு துவாரம் வைத்திருந்தனர். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழும். அத்துடன் வீட்டுக்காரருக்குக் கவலை தீர்ந்தது. இன்று அவ்வீடுகளைப் புதுப்பிக்கச் சுவரை உடைக்கும்போது, துருப்பிடித்த பிளேடுகள் தொழிலாளியின் காலடியில் குவியலாய்ச் சரிகின்றன.