மோசேயின் கையைத் தாங்கியவர்கள்

பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
விடுதலைப் பயணம் 17:8-13; 2 திமொத்தேயு 3:14 - 4:2; லூக்கா 18:1-8



இன்றைய முதல் வாசகத்தில் போர் நடப்பது கீழே, இரபிதிமில். ஆனால் வாசகம் நம்மைக் குன்றின் உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு முதியவரின் தோள்பட்டையைப் பார்க்க வைக்கிறது. அமலேக்கியர் வந்து தாக்குகிறார்கள். யோசுவா ஆட்களைத் திரட்டிக்கொண்டு எதிர்த்துப் போகிறார். மோசே கடவுளின் கோலைக் கையில் பிடித்தபடி குன்றேறி நிற்கிறார். அவர் கை உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேலரின் கை ஓங்குகிறது. அவர் கை இறங்கினால் அமலேக்கியரின் கை ஓங்குகிறது. நேரம் போகப் போக மோசேயின் கைகள் தளர்ந்துபோகின்றன.

செங்கடலைக் கடக்க வைத்தவர், பாறையிலிருந்து தண்ணீர் வரவழைத்தவர். அந்தக் கையும் தளர்கிறது. விவிலியம் இதை மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. மோசேயின் விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை கிடையாது. கடவுள் கடிந்துகொண்டார் என்றும் கிடையாது. கை தளர்ந்தது, அவ்வளவுதான். அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அவரோடு குன்றேறியிருந்த ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து போடுகிறார்கள். மோசே அதன்மேல் உட்காருகிறார். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அவருடைய கைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள், கதிரவன் மறையும்வரை.

அங்கே நடக்காத ஒன்றும் உண்டு. ஏன் தளர்ந்தது, நேற்று நன்றாகத்தானே இருந்தீர்கள், ஏதாவது குற்றம் செய்தீர்களா, மனதைத் திடப்படுத்திக்கொண்டால் தூக்க முடியாதா என்று ஆரோனும் கேட்கவில்லை, கூரும் கேட்கவில்லை. மோசே விளக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

இந்த வாசகத்தை இன்று நம் பங்கில் உள்ள சிலருக்காக வாசிக்க விரும்புகிறேன். உங்களுக்குத் தீராத மூட்டுவலி இருக்கிறது. தசைநார் வலி இருக்கிறது. அது ஓரிடத்தில் நிற்பதில்லை. திங்கட்கிழமை மணிக்கட்டில் வருகிறது, வியாழக்கிழமை முழங்காலுக்குப் போகிறது, அடுத்த வாரம் குதிகாலுக்கு மேலே நரம்பை முறுக்கியதுபோல் இழுக்கிறது. பிறகு பத்து நாள் ஒன்றுமில்லை. மீண்டும் ஒரு விடியற்காலை விரல்களை மடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். ஈ.எஸ்.ஆர்., யூரிக் ஆசிட், ஆர்.ஏ. ஃபேக்டர், எக்ஸ்ரே என்று எல்லாம் எடுக்கிறார்கள். எல்லாம் நார்மல் என்கிறார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. உங்களுக்கு அன்றைக்குத்தான் துக்கம் கூடுகிறது, ஏனென்றால் வலிக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்காமல் வீடு திரும்புகிறீர்கள். வீட்டில் என்ன சொல்வது?

போன மாதம் திருப்பலியில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். நற்செய்தி வாசிக்கும் முன் எல்லோரும் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் வரைகிறோம் அல்லவா? அவரால் வலக்கையைத் தூக்க முடியவில்லை. இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து, அந்தக் கையை நெற்றிவரை கொண்டுபோனார். உதட்டுக்கு இறக்கினார். நெஞ்சுக்கு இறக்கினார். மூன்று சிலுவையையும் வரைந்து முடித்தபோது நான் நற்செய்தியில் இரண்டாவது வரியில் இருந்தேன். அவருக்கு ஆரோனும் அவரே, கூரும் அவரே. பக்கத்தில் இருந்த யாரும் கைகொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே அம்மா இரண்டு கையாலும் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு வந்தார். அதைப் பார்த்த ஒருவர் என்னிடம், போன வாரம் அப்படி, இந்த வாரம் இப்படி, நம்புகிற மாதிரியா இருக்கிறது சாமி என்று கேட்டார்.

வந்துபோகும் வலியில் மிகப் பெரிய பாரம் இந்தச் சந்தேகம்தான். கை முறிந்து மாவுக்கட்டு போட்டவரைப் பார்த்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே மாதம் முழங்கால் வலியால் சக்கர நாற்காலியில் வந்தார். அந்த ஆண்டு ஜூலையில் போக வேண்டிய ஆப்பிரிக்கப் பயணத்தைத் தள்ளிவைத்து, 2023இல் அதே நாற்காலியில் காங்கோவுக்கும் தென் சூடானுக்கும் போய்வந்தார். அவருக்கு உண்மையிலேயே வலிக்கிறதா என்று உலகம் கேட்கவில்லை. காரணம் தெரிந்த வலிக்கு மரியாதை கிடைக்கிறது. காரணம் தெரியாத வலியோடு இருக்கிற நம் பங்கு மக்களோ, வலியையும் சுமந்து, தாங்கள் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கும் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

உங்கள் வலி கற்பனை அல்ல. பீடத்திலிருந்து இதைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன். 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஃபிலிப் ஹென்ச், ரோசன்பெர்க் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து 34 நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒரு மூட்டோ மூட்டைச் சுற்றியுள்ள சதையோ தசைநாரோ திடீரென்று வீங்கி வலிக்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ தடம் தெரியாமல் அடங்கிவிடும். பிறகு வேறோர் இடத்தில் வரும். எக்ஸ்ரேயில் எந்தச் சேதமும் தெரியாது. இதற்கு அவர்கள் பாலிண்ட்ரோமிக் ருமாட்டிசம் என்று பெயரிட்டார்கள். இதே ஹென்ச்தான் கார்ட்டிசோன் ஆய்வுக்காக 1950இல் இன்னும் இருவரோடு நோபல் பரிசு பெற்றவர். மூட்டு நோய்களை அவ்வளவு அறிந்த அவராலும் இது ஏன் வருகிறது என்று சொல்ல முடியவில்லை. இன்றும் அதன் அடிக்காரணம் முழுதாகத் தெளியவில்லை. ஆனால் அந்த 34 பேர் சொன்னதைப் பொய்யென்று தள்ளாமல், இப்படி ஒரு நோய் உண்டு என்று எழுதிவைத்தார். காரணம் தெரியாமலேயே ஒருவரின் வலியை நம்ப முடியும் என்பதற்கு அந்த மருத்துவர் சாட்சி. வந்துபோகிற எல்லா வலியும் இதே நோய் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

நம் ஊரில் இத்தகைய வலிக்குக் காரணம் கற்பிப்பவர்களுக்குக் குறைவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார்கள். கண்ணேறு என்பார்கள். நம் ஆட்களே, நீ எந்தப் பாவத்தை மறைத்து வைத்திருக்கிறாய், நல்ல பாவசங்கீர்த்தனம் செய் என்பார்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் இயேசுவிடமே கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். யோபுவின் நண்பர்களும் முதலில் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் துணையிருந்தார்கள். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுளின் சினத்துக்கு ஆளானவர்கள் இந்த நண்பர்களே, புலம்பித் தீர்த்த யோபு அல்ல.

செபக் கூட்டங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குணமாக வேண்டும் என்று சேர்ந்து செபிப்பது நம் திருச்சபையின் வழக்கம், அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால், உனக்கு விசுவாசம் இல்லை, அதனால்தான் வலி போகவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதை நம்பாதீர்கள். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வா, அதுதான் விசுவாசம் என்று சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவர், மருத்துவரையும் அவரே ஏற்படுத்தினார் என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. இன்றைய நற்செய்தியை எழுதிய லூக்காவே மருத்துவர்தான்.

அந்த நற்செய்திக்கு வருகிறேன். ஒரு கைம்பெண் நடுவரிடம் போகிறார். நீதி கிடைக்கவில்லை. திரும்பவும் போகிறார். அதே வழக்கு, அதே வாசல், அதே முகம். நெடுநாள் ஆகியும் அவருக்குப் பதில் இல்லை. எத்தனை முறை கேட்டுவிட்டாய், உன் கோரிக்கையில்தான் ஏதோ கோளாறு என்று ஆண்டவர் அவரைப் பற்றிச் சொல்கிறாரா? அந்தப் பெண் திரும்பத் திரும்பப் போனதையே நமக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறார். மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரோ என்ற கேள்வியோடு உவமையை முடிக்கிறார். அவர் தேடுகிற நம்பிக்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஐந்து வருடமாக அதே வலியோடு, அதே விண்ணப்பத்தோடு, ஞாயிறுதோறும் இந்தக் கோவிலுக்கு வருகிறவர்களிடம் அது இருக்கிறது. உங்கள் செபம் கேட்கப்படவில்லை என்று நீங்கள் எண்ணுகிற அந்த இடத்திலேயே உங்கள் விசுவாசம் உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் கடவுள் ஏன் குணமாக்கவில்லை? இதற்குப் பதில் என்னிடம் இல்லை, இருப்பதுபோல் பேசவும் மாட்டேன். புனித பவுலுக்கு உடலில் ஏதோ ஒன்று முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. அது என்ன என்று அவர் எழுதவில்லை. கண் நோய் என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், விளக்கவுரை எழுதியவர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மும்முறை மன்றாடினார், நீங்கவில்லை. தம் அருள் போதும் என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பதிலை ஆண்டவர் பவுலிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் பவுலிடம் சொல்லவில்லை. வலியில் இருப்பவர் செபத்தில் தாமாகக் கேட்க வேண்டிய சொல் அது. வலி இல்லாத நாம் அதை எடுத்து அவர் வாயை அடைப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது.

நோயுற்றவர்களே, உங்களிடம் இரண்டு மூன்று காரியம் கேட்கிறேன். வீக்கம் வரும்போது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தேதி, நேரம், எந்த மூட்டு, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் வீக்கம் வற்றியிருக்கும், உங்கள் பேச்சுக்கு அந்தப் படம் சாட்சி சொல்லும். பொது மருத்துவரால் பிடிபடவில்லை என்றால் மூட்டுவாத நிபுணரைக் கேட்டுப் போங்கள். இப்படி வந்துபோகிற வலி சிலருக்குப் பிற்பாடு முடக்குவாதமாக நிலைத்துவிடுவதும் உண்டு என்பதால், பழகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காலையில் மூட்டு இறுகி, நடமாடிய பிறகும் ஒரு மணி நேரம்வரை இளகவில்லை என்றாலோ, வீக்கத்தோடு காய்ச்சலும் வந்தாலோ தாமதிக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வாய்ச்சொல்லாகக் கேட்டு வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடியைத் தொடவே வேண்டாம்.

முழந்தாளிட முடியாத நாளில் முழந்தாளிடாதீர்கள். திருப்பலி நூலின் பொது விதிமுறைகளே, 43ஆம் எண்ணில், உடல்நலக் காரணத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஆண்டவர் அப்பத்தில் எழுந்தருளும் நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து தலைவணங்கினால் அது குறைந்த ஆராதனை அல்ல. வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக நேர்ந்துகொண்டு, இப்போது கால் ஒத்துழைக்கவில்லையே என்று மனம் புழுங்குகிறவர்கள் என்னிடம் வாருங்கள். நேர்த்திக்கடனை வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளத் திருச்சபையில் வழி உண்டு. மாதா உங்கள் குதிகாலைப் பணயம் கேட்கவில்லை. நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் மட்டும் தருகிற அருளடையாளம் என்ற பழைய பயமும் வேண்டாம். நோய் முற்றி உங்களை முடக்கும் கட்டம் வந்தால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். கோவிலுக்கு வர முடியாத மாதங்களில் முதல் வெள்ளியன்று நற்கருணை வீட்டுக்கே வரும். பெயர் கொடுத்தால் போதும்.

மற்றவர்களிடமும் ஒரு விண்ணப்பம். மருமகள் இன்று மாவாட்ட முடியவில்லை என்றால், நேற்று ஆட்டினாயே என்று கேட்காதீர்கள். மாமியார் பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை என்றால் முகம் கோணாதீர்கள். இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டத்தில் அடுத்த மாதம் இதைப் பேசுங்கள். உங்கள் தெருவில் ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாதவர் யார், ஆஸ்பத்திரிக்குத் துணையில்லாமல் போகிறவர் யார் என்று பட்டியல் போட்டு, ஆள் பிரித்துக்கொள்ளுங்கள். மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் இதில் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு முதல் கோவிலின் இரண்டு பக்கமும், தூண்களை ஒட்டி, கைப்பிடி வைத்த நாற்காலிகள் போடப்படும். அவற்றில் யார் உட்கார்ந்தாலும், எந்த வாரம் உட்கார்ந்தாலும், எந்த வாரம் உட்காராவிட்டாலும் யாரும் காரணம் கேட்கக் கூடாது. முதல் வெள்ளி நற்கருணை வேண்டுகிறவர்களும், ஆஸ்பத்திரிக்குத் துணை தேவைப்படுகிறவர்களும் திருப்பலி முடிந்ததும் கோயில்பிள்ளையிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.