பட்டிப் பொங்கலும் ஒரு பிள்ளையார் வழக்கும்

1953 மே 27 அன்று திருச்சி டவுன் ஹால் மைதானத்தில், ஈரோட்டுக்காரரான பெரியார் ஒரு மண் பிள்ளையாரை ஊரறிய உடைத்தார். மனம் புண்பட்ட வீரபத்திரன் செட்டியார் என்பவர் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தார். மாஜிஸ்திரேட் போலீஸ் அறிக்கை கேட்டு வாங்கி, புகாரைத் தள்ளுபடி செய்தார். உடைந்தது கோயில் விக்கிரகம் அல்ல, பிள்ளையார் ஜாடையில் செய்த வெறும் மண் உருவம் என்பது அவர் கண்ட காரணம். செஷன்ஸ் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அந்த முடிவையே ஏற்றன. 1958 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணம் தவறு என்றது. ஒரு பொருள் அற்பமானதாகவே இருக்கட்டும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கருதினால் சட்டத்தின் கண்ணிலும் அது புனிதப் பொருள்தான். அந்த நம்பிக்கை பகுத்தறிவுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை அல்ல. ஆனால் காலம் கடந்துவிட்டதால் மறுவிசாரணைக்கு உத்தரவிடவில்லை.

கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தத் தீர்ப்பு புதுச் சங்கதி அல்ல. மாட்டுப் பட்டியில் வைக்கும் பட்டிப் பொங்கலன்று ஒரு கை சாணியைப் பிடித்து, உச்சியில் அருகம்புல்லைச் செருகினால் அது பிள்ளையார். அதே சாணியின் மிச்சம் குப்பைக் குழிக்குப் போகும். சதுர்த்திக்குச் சந்தையில் வாங்கி, காகிதக் குடை வைத்துக் கும்பிட்ட களிமண் பிள்ளையாரைச் சில நாளில் கோவை முத்தண்ணன் குளத்திலோ குறிச்சிக் குளத்திலோ கரைக்கிறோம். கும்பாபிஷேகம் ஆனதா, ஆகமப்படி செய்ததா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. புனிதம் மண்ணில் இல்லை, கும்பிடுகிறவர் மனத்தில் இருக்கிறது. ஆகவே, இது சாமியா பொம்மையா என்று திருச்சி மாஜிஸ்திரேட் கேட்ட கேள்வியே தப்பு.

அப்படியானால் புண்பட்டேன் என்று எவர் சொன்னாலும் அது குற்றமாகிவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புனிதம் மனத்தில் இருக்கிறது என்பதாலேயே அதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவு, அவமதிக்கும் நோக்கமோ, அவமதிப்பாகக் கருதுவார்கள் என்ற அறிவோ வேண்டும் என்றது. அதன் 295-ஏ, வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்றது; அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் அதை விசாரணைக்கு எடுக்கக்கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் தடுப்புப் போட்டது. மாஜிஸ்திரேட் கடவுளை அளக்க வேண்டியதில்லை. புண்பட்டவர் சொல்வதைச் சத்தியப்பிரமாணத்தில் வாங்கி, எதிராளி செய்தது என்ன, எதற்காகச் செய்தார் என்று பார்த்தால் போதும். திருச்சியில் அப்படிப் பார்த்திருந்தால் பெரியார் மீது விசாரணை நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் தம் நோக்கத்தை ஒளித்துவைத்தவர் அல்லர்.

வழக்குக்கு அலைவதே தண்டனை, எழுத்தாளரை முடக்க ஒரு புகார் போதாதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். திருச்செங்கோட்டில் நடந்ததைப் பார்க்கலாம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2014 டிசம்பரில் அங்கே எரிக்கப்பட்டது. ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. ஆனால் அவரை மண்டியிட வைத்தது கோர்ட் அல்ல. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் ஆபீசில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் நடந்த சமாதானப் பேச்சு. அங்கே பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, மேல்முறையீடு செய்யத் தீர்ப்பென்று ஒன்றும் கிடையாது. வெளியே கூட்டம், உள்ளே நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம். அந்தக் கடிதம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலை 5-ல். அவர் மீதான குற்றப் புகாரையும் அன்றே ரத்து செய்தது. அதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கோர்ட்டின் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் தாமதமான உத்தரவுக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் சமாதானத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

வழக்குக்கு அலைவதைக் குறைக்கச் சட்டத்திலேயே ஒரு வழி வந்திருக்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு, தனிப்புகாரை மாஜிஸ்திரேட் எடுத்துக்கொள்ளும் முன்பே எதிர்த்தரப்பையும் கேட்கச் சொல்கிறது. கடவுள் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. ஆனால் அது தனிப்புகாருக்கு மட்டும்தான். ஸ்டேஷனில் நேராக எஃப்ஐஆர் போட்டுவிட்டால், எழுதியவரும் பேசியவரும் மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே வாய் திறக்க அந்தப் பிரிவில் இடமில்லை.