யாருடைய முறை?

வியாபாரிகளாகிய நமக்கு நன்கு பழகிய நியாயம் ஒன்றுண்டு. முதலில் வந்தவருக்கு முதலில் நிறுத்துக் கொடுப்பது. அந்த நியாயத்தோடு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் போய் உட்கார்ந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? தகரம் கிழித்த கையுடன் ஓரிரவு நாம் உட்கார்ந்திருந்தோம். நமக்குப் பின் வந்த இருவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கியதை நாம் கவனிக்கவேயில்லை.

நெப்போலியனின் படை வைத்தியர் டொமினிக் லாரே, அதிகாரியா சிப்பாயா என்று பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே முறை வகுத்தவர். நம் நாட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வந்ததும் அவ்வழியே. அது சரிதான். ஆனால் சிவப்பும் மஞ்சளுமே காத்துக் கிடப்பதேன்?

சளி இருமலுக்கெல்லாம் ராத்திரியில் வந்து கூட்டம் போடுகிறார்கள் என்பர். கொஞ்சம் உண்மைதான். எனினும் அவர்கள் அமர்வது நாற்காலியில். தள்ளுகட்டில்களில் கிடப்போரில் பலர், டாக்டர் பார்த்து முடித்து, வார்டில் கட்டில் கிடைக்காமல் காத்திருப்பவர்கள். கிட்டங்கி நிறைந்து கிடந்தால் லாரிச் சரக்கு அஞ்சடியில்தானே இறங்கும்? அஞ்சடியை அகலப்படுத்தி என்ன பயன்? 2021 ஜூலையில், கொரோனாவின்போது, கிள்ளான் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்ததை நாடே பார்த்தது.

கட்டில் போதாது, தாதியர் போதாது என்பதற்கெல்லாம் அரசாங்கம் பதில் சொல்லட்டும். நம் பக்கத்துக் காரணமும் ஒன்றுண்டு. நமது மாமியாரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று காலை பத்து மணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று கடையில் சரக்கு இறங்கும் நாள். அஸர் தொழுதுவிட்டுத்தான் போனோம். மாமி உடுத்தித் தயாராக, கட்டில் விளிம்பில் அமர்ந்திருந்தார். அந்த நேரமெல்லாம் கீழே யாரோ ஒருவர் அந்தக் கட்டிலுக்காகக் கிடந்திருப்பார்.

தராசில் ஒரு கிராம் குறைந்தால் பிறர் ஹக்கு என்று நடுங்குகிறோம். முகம் தெரியாதவரிடம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது எந்தக் கணக்கில் சேரும்?

"கடையை மூடிவிட்டு ஓடினால் வாடகை யார் தருவார்?" என்றார் நண்பர் ஒருவர். நியாயமான கேள்விதான். தோட்டத்தில் தனித்திருக்கும் முதியவரை அழைத்துப்போக, கோலாலம்பூரில் கூலி வேலை பார்க்கும் மகன் விடுப்புக் கேட்டு வருவதற்குள் இருட்டிவிடும். அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. நமக்கோ வேன் வாசலில் நின்றது; கடையில் மருமகனும் இருந்தார்.