திருநாள் இல்லாதவர்களின் திருநாள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகே வாலிங்ஃபோர்டு என்னும் ஊரில் 'பெண்டில் ஹில்' என்ற ஆன்மிக மையம் உள்ளது. நண்பர்கள் சங்கத்தினர், அதாவது குவேக்கர்கள், 1930-ஆம் ஆண்டு அதைத் தொடங்கினர். மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தில், பழைய களஞ்சியம் ஒன்றைத் திருத்தி அமைத்த கூடம் இருக்கிறது. காலை எட்டரை மணிக்குச் சிலர் அங்கே கூடி அமைதியாக அமர்கின்றனர். பலிபீடம் இல்லை, சிலுவை இல்லை, போதகரும் இல்லை. உள்ளிருந்து உந்தப்பட்டவர் எழுந்து சில சொற்கள் கூறலாம். ஒருவரும் பேசாமலே கூட்டம் முடிவதும் உண்டு.

இத்தகைய மையங்களில் இன்று பருவகால விழாக்களும் நடைபெறுகின்றன. குளிர்காலத்தில் உணவுக் கூடத்தில் பசுந்தழைகளும் மெழுகுவர்த்திகளும் இடம்பெறுகின்றன. எல்லோரும் சேர்ந்து விருந்து சமைக்கின்றனர். கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடுகின்றனர். ஆண்டின் கடைசி நாட்களில் ஆன்மிக முகாம்களுக்குப் பலர் வருகின்றனர். வெளியிலிருந்து காண்பவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. குவேக்கர்களின் வரலாற்றை அறிந்தவரோ சற்றுத் திகைப்பார். ஏனெனில், திருநாட்களைக் கொண்டாடுவதில்லை என்பது அவர்களுடைய முன்னோர்கள் உயிராய்ப் போற்றிய கொள்கைகளுள் ஒன்று.

பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸும் (1624-1691) அவரைப் பின்பற்றியவர்களும் இங்கிலாந்தில் இந்த நெறியை வகுத்தனர். இறைவனின் ஒளி ஒவ்வொரு மனிதனுள்ளும் எப்போதும் இருக்கிறது என்றால், ஒரு நாளை மட்டும் புனிதம் என்று பிரித்தெடுப்பது எவ்வாறு பொருந்தும்? ஒரு நாளை உயர்த்துவது மற்ற நாட்களைத் தாழ்த்துவதாகாதா? எனவே கிறிஸ்துமஸ் அன்றும் அவர்கள் கடையைத் திறந்தனர். அதற்காகத் துன்புறுத்தப்பட்டதும் உண்டு. கிழமைகளின் பெயர்களும் மாதப் பெயர்கள் சிலவும் பழைய தெய்வங்களின் பெயர்களிலிருந்து வந்தவை என்பதால் அவற்றையும் விலக்கினர். ஞாயிறு அவர்களுக்கு 'முதல் நாள்'. திங்கள் 'இரண்டாம் நாள்'. மாதங்களுக்கும் எண்களே. 1752-இல் பிரிட்டன் தன் நாட்காட்டியை மாற்றியபோது, அதுவரை மார்ச்சை முதல் மாதம் என எழுதிவந்தவர்கள் ஜனவரியை முதல் மாதமாக எழுத வேண்டியதாயிற்று. காலத்துக்குப் பெயரிட மறுத்தவர்களையும் அரசாங்கத்தின் காலக்கணக்கு விட்டுவைக்கவில்லை.

இந்த மறுப்பை வறட்டுப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. அதன் பின்னே கூர்மையான ஓர் அறவுணர்வு இருந்தது. உள்ளம் உந்தாமல் வாய் பேசலாகாது என்பது அவர்களது வழிபாட்டின் அடிப்படை. அப்படியானால் நாட்காட்டி ஆணையிடுகிறது என்பதற்காக மகிழ்வதும் ஒருவகைப் பொய்யே அல்லவா? அன்றைய தினம் ஒருவனுடைய உள்ளம் துயரில் ஆழ்ந்திருக்கலாம். ஊர் முழுவதும் மகிழ்கிறது என்பதால் அவனும் மகிழ்ச்சியை அணிந்துகொண்டு நிற்க வேண்டுமா?

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. இளமையில் ஃபாக்ஸ் செய்த ஒரு செயலை அவரது நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. கிறிஸ்துமஸ் எனப்படும் காலத்தில் பிறர் விருந்திலும் களியாட்டத்திலும் திளைத்திருக்க, அவர் ஏழை விதவைகளை வீடு வீடாகத் தேடிச் சென்று பணம் கொடுத்தார். திருமணங்களுக்கு அழைத்தாலும் அவர் போவதில்லை. அடுத்த நாளோ, சில நாட்கள் கழித்தோ மணமக்களைச் சென்று காண்பார். அவர்கள் ஏழைகளாயின் உதவி செய்வார். விருந்து முடிந்து, தோரணங்கள் கழற்றப்பட்டு, கடன் மட்டும் எஞ்சி நிற்கும் வீட்டுக்குள் நுழையும் விருந்தினர்! விழாவை மறுத்த ஒருவர், விழா யாரை மறந்துவிட்டது என்பதை இவ்வளவு நன்றாக நினைவில் வைத்திருந்தார்.

இவ்வளவு இருந்தும், அந்த நெறி நிலைத்து நிற்கவில்லை. பிரிட்டனின் குவேக்கர்கள் 1995-இல் வெளியிட்ட நெறிநூலே, இந்தச் சான்று கவனிப்பாரின்றி அழிந்துவருவதாகத் தோன்றுகிறது என்று ஒப்புக்கொள்கிறது. யாரும் அதை எதிர்த்து வாதிட்டு வீழ்த்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது மெல்ல நழுவிப் போயிற்று. இதில் சிறிய வேடிக்கை ஒன்றும் உண்டு. ஈஸ்டர் பண்டிகைக்கான சாக்லேட் முட்டையைப் பிரிட்டனில் 1873-இல் ஃப்ரை நிறுவனமும், 1875-இல் கேட்பரி நிறுவனமும் தயாரித்தன. இரண்டுமே குவேக்கர் குடும்பங்களின் நிறுவனங்கள்!

ஏன் நழுவியது? உலகியலோடு சமரசம் என்று கூறினால் அது பாதி விடையே. அந்த நெறியின் தர்க்கத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. எல்லா நேரமும் புனிதம் என்றவர்களும் ஒரு நேரத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. 'முதல் நாள்' அன்று கூடினர். பெண்டில் ஹில்லில் காலை எட்டரை மணி. எட்டரை மணிக்கு இறைவன் அந்தக் கூடத்துக்கு வருகிறான் என்று அவர்கள் எண்ணவில்லை. பிறகு எதற்காக அந்த மணி? குறிக்காவிட்டால் மனிதன் வருவதில்லை என்பதற்காகத்தான். இறைவனின் சந்நிதியில் ஏற்றத்தாழ்வு இல்லை. மனிதனின் கவனத்தில் இருக்கிறது. நாளைக் குறிப்பது இறைவனைப் பற்றிய கூற்று அன்று. மறதியைப் பற்றிய ஒப்புதல்.

இவ்வாறு பிரித்துப் பார்த்தால் பழைய குவேக்கர்களின் கண்டனம் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது தெளிவாகும். இந்த நாள்தான் புனிதம் என்று சொல்லும் விழாவை அது சரியாகவே தாக்குகிறது. எந்த நாளும் புனிதமே, அதை இன்றாவது நினைப்போம் என்று சொல்லும் விழாவை அது தொடுவதில்லை. நடைமுறையில் வேறோர் ஆபத்தும் உண்டு. எல்லா நாளும் திருநாள் என்ற சொல், இரண்டு தலைமுறைகளில், எந்த நாளும் திருநாள் அன்று என்ற பழக்கமாக வற்றிவிடக்கூடும். இடையறாத நினைவு சித்தித்த மகானுக்கு நாட்காட்டி தேவைப்படாமல் இருக்கலாம். சமையலறையிலும் அலுவலகத்திலும் நாளெல்லாம் உழல்பவருக்கு அது தேவை.

காந்தியடிகள் இதற்கு நல்ல உதாரணம். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றபோது, பர்மிங்காமில் குவேக்கர்களின் உட்புரூக் மையத்துக்கும் அவர் சென்றார். சாக்லேட் உற்பத்தியாளர் ஜார்ஜ் கேட்பரி தமது இல்லத்தைக் கொடுத்து 1903-இல் உருவான இடம் அது. காந்தியடிகளின் நண்பர் ஹோரேஸ் அலெக்சாண்டர் அங்கே ஆசிரியராக இருந்தார். காந்தியடிகளுக்குத் திங்கட்கிழமை மௌன நாள். தொடக்கத்தில் ஓய்வுக்காகவும் எழுத்து வேலைக்காகவும் ஏற்றுக்கொண்ட அந்த வழக்கம், பின்னர் அவரது ஆன்மிக வாழ்வின் ஊன்றுகோலாயிற்று. திங்கட்கிழமைக்கென்று தனிப் புனிதம் எதுவும் இல்லை. அவர்தான் அதற்கு அதைக் கொடுத்தார்.

இனி மையங்களின் கூட்டு வாழ்வுக்கு வருவோம். அங்கே தங்குபவர்கள் உறவினர் அல்லர். சில நாட்களுக்கோ மாதங்களுக்கோ வருகின்றனர், போய்விடுகின்றனர். உணவுக்கு முன் ஒன்றாக மௌனம் காக்கின்றனர், பாத்திரம் கழுவுகின்றனர், தோட்ட வேலை செய்கின்றனர். மௌனத்தில் ஒன்றாக அமர்ந்தவர்களுக்கும் ஒருவரை ஒருவர் அறியச் சிரிப்பும் பாட்டும் சோறும் தேவைப்படுகின்றன. தனிமைச் சாதனை எவ்வளவு உயர்ந்ததாயினும், அறுவடைக்கால உணவை ஒன்றாக உண்பதில் கிடைக்கும் பணிவு அதில் கிடைப்பதில்லை; அங்கே ஒருவர் நறுக்கிய காயை மற்றொருவர் உண்கிறார்.

அப்படியும் ஃபாக்ஸின் கேள்வி விலகுவதில்லை. அந்த விருந்தில் இல்லாதவர் யார்? ஆண்டிறுதியில் முகாமுக்கு வருபவர்கள் எல்லோரும் மகிழ்ச்சி தேடி வருபவர்கள் அல்லர். துணையை இழந்தவர், பிள்ளைகளிடமிருந்து பிரிந்தவர், செல்ல வீடில்லாதவர் ஆகியோரும் இருப்பார்கள். அவர்களுக்குப் பாட்டைவிட அந்தக் கூடத்தின் அமைதியே பெரிய உபசாரமாகலாம். அங்கே யாரும் அவர்களிடம் மகிழ்ச்சியை எதிர்பார்ப்பதில்லை. விழாவும் விழாவை மறுத்த மௌனமும் ஒரே வளாகத்தில், ஒன்றையொன்று தள்ளிவிடாமல் இருப்பதே இத்தகைய மையங்களின் பேறு. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் யாரோ ஒருவர் வெளியே நிற்க நேரிடும்.

உட்புரூக் 2023-இல் தனது பழைய இல்லத்தை விட்டு வெளியேறியது. எந்த இடத்துக்கும் தனிப் புனிதம் இல்லை என்று கற்றவர்கள் அந்தத் தோட்டத்தைப் பிரிய வருந்தினர். வகுப்புகளும் வழிபாடும் இணையவழியில் தொடர்கின்றன. இன்றும் ஒரு நேரம் குறிக்கப்படுகிறது. திரையில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. பிறகு எல்லோரும் மௌனமாகின்றனர்.