இரு கம்புகளுக்கு நடுவே

ஹைதராபாத் ஸாலார் ஜங் அருங்காட்சியகத்தில் இசைக் கடிகாரம் ஒன்று உள்ளது. மணிதோறும் ஒரு சிறு கதவு திறக்க, பொம்மை மனிதன் ஒருவன் வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே செல்கிறான். கொல்லன் பொம்மை ஒன்று விநாடிதோறும் சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருக்கிறது. இதைக் காண எப்போதும் கூட்டம் கூடுகிறது. உழைப்பு சிற்றுருவில் காட்டப்படும்போது கண்ணுக்கு இனியதாகிவிடுகிறது. ஏனெனில், பொம்மைக்கு வியர்ப்பதில்லை. மூச்சு வாங்குவதும் இல்லை.

திரையிட்ட ரிக்ஷாக்களில் பெண்கள் கடைவீதிக்குச் சென்று வந்த நகரம் ஹைதராபாத். ரிக்ஷாவின் மூத்த வடிவமான கை ரிக்ஷா இன்று பித்தளையிலும் மரத்திலும் சிறு மாதிரியாகச் செய்யப்பட்டு, வீட்டுக் கண்ணாடி அலமாரிகளை அலங்கரிக்கிறது. இரு பெரிய சக்கரங்கள், மடக்கும் கூரை, மெத்தை வைத்த இருக்கை, முன்புறம் நீண்ட இரு கம்புகள் என எல்லாம் அளவு பிசகாமல் அமைந்திருக்கும். பெரும்பாலான மாதிரிகளில் ஒன்று மட்டும் இருப்பதில்லை. அந்த இரு கம்புகளுக்கு நடுவே நிற்க வேண்டிய மனிதனே அது.

1870ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பானில் தோன்றிய இவ்வண்டி, பின்னர் சிம்லா, கல்கத்தா, சென்னை முதலிய ஊர்களுக்கும் வந்தது. குதிரை நின்ற இடத்தில் மனிதன் நின்றான். ஒருவன் அமர்ந்து செல்ல, மற்றொருவன் வெறுங்காலுடன் ஓடினான். இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன?

பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் திருவள்ளுவர் 37ஆம் குறளில் காட்டுகிறார். அறத்தின் பயன் இது என்று நூல்களைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை, இவ்விருவரையும் கண்டாலே விளங்கும் என்பது பரிமேலழகர் உரை. இவ்விருவரையும் காட்டி, 'அறத்தின் வழி இதுவே' என்று சொல்ல வேண்டாம் என்று பொருள் கொள்வோரும் உளர். எந்த உரையைக் கொண்டாலும் ஓர் எச்சரிக்கை தேவை. வினைப்பயன் என்னும் கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுமையுடன் ஏற்பதற்கு உதவும். தன் செயலைத் திருத்திக்கொள்ளவும் உதவும். பிறருடைய துன்பத்தைக் கண்டு, 'அது அவன் வினை' என்று சொல்லி விலகிச் செல்வதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. கை ரிக்ஷாவில் ஏறுவது பாவமா, ஏறாமல் இருப்பது பாவமா? இரக்கத்தால் ஏற மறுப்பவர் தம் மனச்சாட்சியைக் காத்துக்கொள்கிறார். ஆனால் இழுப்பவன் வீட்டில் அன்று அடுப்பு எரிவதில்லை. 'அவன் பிழைக்கட்டுமே' என்று ஏறுபவரோ, இறங்கும்போது கூலிக்குப் பேரம் பேசுகிறார். மேற்கு வங்கச் சட்டமன்றம் 2006இல் கை ரிக்ஷாவை ஒழிக்கச் சட்டத் திருத்தம் நிறைவேற்றியபோது, அதை எதிர்த்தவர்களுள் இழுப்பவர்களே முன்னின்றனர். சுமை கொடியதுதான், ஆயினும் வேறு வழி காட்டாமல் அதைப் பறிப்பது அதனினும் கொடியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆகவே, ஏறாமல் இருப்பது தூய்மையாகலாம். அதுவே கருணை ஆகிவிடாது. கருணை என்பது இழுப்பவனின் கையிலிருந்து கம்பை வாங்குவதோடு, அந்தக் கையில் வேறொரு பிழைப்பையும் வைப்பது. தமிழ்நாட்டில் 1973இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு கை ரிக்ஷாவை ஒழித்தபோது, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷாக்களை வழங்கியது. மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லாத மலைவாழிடமான மஹாராஷ்டிரத்தின் மாதேரானில், மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கத்தை ஆறு மாதங்களுக்குள் நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது. இழுப்பவர்களுக்கு மின் ரிக்ஷா கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும், நிதி இல்லை என்பதைக் காரணமாகக் கூறக் கூடாது என்றும் அது கூறியது.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஒரு நிகழ்ச்சியைப் பெரியபுராணம் கூறுகிறது. திருப்பூந்துருத்தியை நோக்கி முத்துச் சிவிகையில் வருகிறார் திருஞானசம்பந்தர். அவரை எதிர்கொள்ளச் சென்ற முதியவராகிய அப்பர், கூட்டத்தில் புகுந்து, யாரும் அறியாமல் சிவிகை தாங்குவோருடன் தாமும் தோள் கொடுக்கிறார். 'அப்பர் எங்கே?' என்று சம்பந்தர் வினவ, 'உம்மைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன்' என்று கீழிருந்து குரல் வருகிறது. அக்கணமே பதைத்து இறங்குகிறார் சம்பந்தர்.

சுமப்பவர் யார் என்று தெரிந்த பின்பு அவரால் மேலே அமர்ந்திருக்க முடியவில்லை. 'எங்கே?' என்ற அந்த ஒரு கேள்வியே அவரை இறங்கச் செய்தது. எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் என்பது உண்மையானால், சுமப்பவர் ஒவ்வொருவரும் அப்பரே. அலமாரியில் நிற்கும் அச்சிறு வண்டியைப் பார்க்கும்போது, கம்புகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நோக்கி, 'இங்கு நின்றவர் எங்கே? இன்று அவர் எப்படிப் பிழைக்கிறார்?' என்று கேட்கத் தோன்றுமானால், அந்த மாதிரி உருவம் தன் பணியைச் செய்துவிட்டது.