சந்தனக் கல்லும் எமது கையும்



மூர்த்தி நாயனாரின் வரலாற்றை எத்தனையோ குருபூசைகளில் நாம் சொல்லியும் கேட்டும் இருக்கிறோம். மதுரையிலே ஆலவாய்ப் பெருமானுக்கு நாள்தோறும் சந்தனக் காப்பு அளித்து வந்தவர். மதுரையைப் பிடித்த வேற்று நாட்டு மன்னன் சந்தனக் கட்டை கிடையாதபடி தடுத்தபோது, தமது முழங்கையையே கல்லில் வைத்துத் தேய்த்தார். தோல் தேய்ந்து எலும்பும் தேய்ந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் எமது குரல் தானாகவே உயரும். சபையிற் சிலர் கண்ணைத் துடைப்பார்கள். அத்தோடு கதையை முடித்துவிடுவது வழக்கம்.

எமது வலது கைக்கு வந்த வருத்தந்தான் அதன் மிகுதியை எமக்குப் படிப்பித்தது.

இரவில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்து எம்மை எழுப்பும். கையை உதறினால் சற்று இளகும். சின்னவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. மணிக்கட்டின் ஒடுங்கிய வழியூடாகச் செல்லும் நரம்பு நெரிபடுகிறது, அந்த நரம்பு சின்னவிரலுக்குப் போவதில்லை என்றார் வைத்தியர். இரவில் மணிக்கட்டு வளையாதிருக்க ஒரு பட்டியும் தந்தார். நாமோ அதைக் கட்டாமல், வெள்ளிதோறும் சந்தனம் அரைப்பதும் மடைப்பள்ளியில் பூசணி வெட்டுவதுமாக இரண்டு ஆண்டுகள் கடத்தினோம். திருத்தொண்டு என்று சொல்லிக்கொண்டோம். நாம் இல்லாவிட்டால் ஒன்றும் நடவாது என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமற் போன பின்னரே சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோம்.

கையை மாத்திரம் விறைக்கச் செய்து, நரம்பை அழுத்திய தசைநாரை வெட்டிவிட்டார்கள். அன்று மாலையே வீடு வந்தோம். கையைத் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும், விரல்களை அசைக்க வேண்டும், பாரம் தூக்கலாகாது. இரவு விறைப்பு சில நாட்களிலேயே விட்டது. உள்ளங்கை அடியில் நோவும், பிடியில் பலமின்மையும் மாதக்கணக்கில் இருந்தன.

முதன்முறை கோயிலுக்குப் போனபோது கட்டுப்போட்ட கையைச் சால்வைக்குள் மறைத்து நின்றோம். இடது கையால் திருநீறு வாங்குவதா? குருக்கள் ஐயா கண்டுவிட்டார். "கையை மறைக்காதேங்கோ, நெற்றியைக் காட்டுங்கோ" என்று தாமே பூசிவிட்டார். அப்போதுதான் மூர்த்தியாரின் மிகுதிக் கதை நினைவுக்கு வந்தது. இறைவன் அவரைத் தேய்க்க விட்டுப் பார்த்திருக்கவில்லை. இப்படிச் செய்யாதே என்று அசரீரி தடுத்தது. புண்பட்ட கை முன்போல் ஆயிற்று. தடுத்த குரலை விட்டுவிட்டுத் தேய்த்த கையை மட்டுமே இத்தனை காலமும் நாம் பிரசங்கித்திருக்கிறோம்!

அன்னதானத்துக்குத் தேங்காய் துருவும் தாய்மாரே, மாலை கட்டும் பிள்ளைகளே, இரவில் கையை உதறிக்கொண்டு எழும்புகிறவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள். நாட்கடத்த வேண்டாம். பெருவிரலடித் தசை மெலிந்த பின் சிகிச்சை செய்தால் முழுப் பலமும் திரும்பாமற் போகலாம். எமது நடுவிரல் நுனியில் விறைப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை இப்போது தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இருவர் அரைக்கிறார்கள். சற்றுக் கரகரப்பாகத்தான் இருக்கிறது. நாம் பக்கத்தில் இருந்து தண்ணீர் விட்டுக் கொடுக்கிறோம். குருக்கள் ஐயா இதுவரை குறை சொல்லவில்லை.