பேரப்பிள்ளையைப் பார்ப்பது கடமையா, உபகாரமா?



ஜூன் மாதம் வந்தால் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நான்கு வாரம் விடுமுறை. பிள்ளைகளுக்கு அது ஓய்வு. நன்னா, நன்னி, உம்மம்மா என்றெல்லாம் நாம் அழைக்கும் பெரியவர்களுக்கோ, ஓய்வே இல்லாத மாதம். இதைக் குறித்துச் சற்றுச் சிந்திப்பது நலம்.

நமது தோ பாயோவையே எடுத்துக்கொள்வோம். 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டத் தொடங்கிய நகர் இது. அந்நாளில் இங்கே குடியேறிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் இன்று முதுமை எய்திவிட்டார்கள். அவர்தம் மக்களில் பலர் செங்காங், பொங்கோல் போன்ற புது நகர்களில் வீடு வாங்கிப் போய்விட்டனர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் சென்றால்தான் வீட்டுக்கடன் அடையும். ஆகவே, விடிந்ததும் குழந்தைகள் தோ பாயோவுக்கு வந்து சேருகின்றன.

பின்னர் அந்தப் பாட்டியாரின் பொழுது எவ்வாறு கழிகிறது? ஒருவனுக்கு இட்லி வேண்டும். இன்னொருத்திக்கு ரொட்டி வேண்டும். சண்டை தீர்க்க வேண்டும். ஓதும் பாடம் கேட்க வேண்டும். கைப்பேசியைப் பிடுங்கி வைக்க வேண்டும். மாலையில், லோரோங் 6-இல் 1979-ஆம் ஆண்டு அமைத்த டிராகன் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போய், ஏறுகிறவன் விழாதபடி கண் வைத்திருக்க வேண்டும். ளுஹர் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. முழங்கால் வலிக்குப் பலதுறை மருந்தகத்தில் வாங்கிய தேதியும் தள்ளிப்போகிறது. இரவில் மகள் வந்து, “கஷ்டமாக இருந்ததா உம்மா?” என்றால், “அதெல்லாம் இல்லைம்மா” என்பதே பதில். கேட்காமலே பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

“சும்மாதானே இருக்கிறார்கள், பேரனைப் பார்ப்பது அவர்கள் கடமையன்றோ?” என்பார் சிலர். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. தகப்பன் இருக்கையில் பிள்ளையின் பொறுப்பு தகப்பனுடையது. தலாக் ஆன தாய், தான் பெற்ற பிள்ளைக்குப் பாலூட்டினாலும் அவளுக்குரிய கூலியைக் கொடுக்கும்படித் திருமறையின் 65-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பெற்றவள் உழைப்புக்கே மதிப்பு உண்டென்றால், பாட்டியின் உழைப்பு மட்டும் எப்படி இனாமாகும்?

“அன்புக்குக் கணக்குப் பார்ப்பதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் இருக்கையில் பேரர் முதுகில் ஏறிக்கொள்ள, அவர் தாமாக இறங்கும் மட்டும் ஸஜ்தாவை நீட்டினார்கள். பேத்தி உமாமாவைத் தொழுகையிலும் தூக்கி வைத்திருந்தார்கள். தாயை இழந்த அவர்களையே, எட்டு வயது வரை பாட்டனார் அப்துல் முத்தலிபு வளர்த்தார். பேரப்பிள்ளை ரஹ்மத்து என்பதில் ஐயமில்லை.

ஆனால், அவையெல்லாம் உவந்து செய்தவை. உவந்து செய்வது உபகாரம். வேறு வழியின்றிச் செய்வது சுமை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்தறிய ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு: “இன்று முடியாது” என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறதா? சொன்னால் மகன் முகம் சுளிப்பானோ, பேரனைக் கொண்டுவர மாட்டானோ என்று அஞ்சுகிறவர் தருவதை உபகாரம் என்று நாம் ஏற்றுக்கொள்வது எவ்விதம்?

சர்க்காரும் இவ்வுழைப்பை அறிந்திருக்கிறது. 12 வயதுக்கு மேற்படாத பிள்ளையைப் பாட்டனோ பாட்டியோ பார்த்துக்கொண்டால், வேலைக்குப் போகும் தாய்க்கு 3,000 வெள்ளி வருமான வரிக் கழிவு உண்டு. கவனியுங்கள்! உழைப்பு பாட்டிக்கு, கழிவு மகளுக்கு. 1995-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, 60 வயதாகித் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர் மக்களிடம் பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றம் போகலாம். ஒருநாள் ஓய்வு கேட்டு எந்த மன்றத்துக்குப் போவது?

கடை வைத்திருக்கும் நமக்குத் தெரிந்தது இது: கொடுத்தவர் தயவால் பற்று எழுதாமல் விட்டாலும் கடன் தீர்ந்துவிடாது, வாங்கியவனே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எனவே, விடுமுறைக்கு முன் பெற்றோரிடம் ‘கொண்டுவருகிறோம்’ என்று அறிவிக்காமல், ‘கொண்டுவரலாமா’ என்று கேளுங்கள். கணவனும் மனைவியும் மாறி மாறி விடுப்பெடுத்து, வாரத்தில் ஒரு நாளாவது அவர்களுக்கு விட்டுக் கொடுங்கள். மருத்துவர் தேதியை மாற்ற விடாதீர்கள். அவர்கள் கேட்குமுன் கையில் ஏதேனும் வையுங்கள். பிள்ளை விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டதற்காக அவர்களைக் கடியாதீர்கள்.

பெரியவர்களே! “இன்று உடம்புக்கு ஆகவில்லை” என்பது குற்றமன்று. தாராளமாகச் சொல்லுங்கள்.

சிறு வயதில் நம்மை வளர்த்த பெற்றோருக்காக ரஹ்மத்தை வேண்டித் தொழுகைதோறும் துஆ கேட்கிறோம். நம்மை வளர்த்தவர்களே நம் பிள்ளைகளையும் வளர்க்கிறார்கள் என்றால், அந்தக் கடன் இரட்டிப்பாகிறது. அதை உணர்ந்து நடக்க வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.